அச்சுக்கு முந்தியது: கிரீஸில் ஆறு நாள்

முதல் நாள்: அகோரா

ஏதென்ஸுக்கு வருகிறவர்கள் முதலில் அக்ரோபோலிஸ் மலை ஏறுவார்கள். நாங்கள் மலைக்குக் கீழே இருக்கும் பழைய சந்தைவெளிக்கு, அகோராவுக்குப் போனோம். அங்கே அட்டாலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்தில் ஒரு களிமண் அச்சு இருக்கிறது. என் மகள் ஒரு வருடத்துக்கு முன் அதன் படத்தைக் காட்டினாள். அன்றைக்கே இந்தப் பயணம் முடிவாகிவிட்டது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓர் இளைஞன் சிலையை வெண்கலத்தில் வார்ப்பதற்காகச் செய்த அச்சு அது. சந்தைவெளியின் மேற்கு ஓரத்தில், அப்பல்லோ கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்புக் குழியில் கிடைத்திருக்கிறது. மெழுகு உருவத்தின் மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் வெண்கலத்தை ஊற்றியிருக்கிறார்கள். சிலையை எடுத்ததும் அச்சை உடைத்துக் குழியிலேயே போட்டுவிட்டார்கள். சிலை இன்று இல்லை. உடைத்துப் போட்ட அச்சு 2500 வருடம் கழித்துத் துண்டு துண்டாக வெளியே வந்திருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேலாக பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவன். பம்பு, மோட்டார், வால்வு என்று எதை இரும்பில் ஊற்றினாலும் முதலில் அது மரத்தில் பிறக்க வேண்டும். அந்த மரத்தை மண்ணில் பதித்து எடுத்தால் மோல்டு. மோல்டில் இரும்பு ஊற்றினால் பொருள். மரம், மண், இரும்பு என்று மூன்று இடம் மாறிப் போவது எது? இந்தக் கேள்வியை நான் என்றைக்கும் கேட்டுக்கொண்டதில்லை. கட்டடக்கலை படிக்கும் என் மகள் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து, "அப்பா, நீங்க செய்யறதுக்கு கிரேக்கத்துல ஒரு பேர் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெயர் எய்டோஸ். தமிழில் வடிவம் என்று எழுதுகிறோம், ஆனால் வடிவம் என்றதும் நமக்கு வட்டம், சதுரம் என்று வெளிக்கோடுதான் மனதில் வருகிறது. அதற்கு கிரேக்கர்களிடம் ஸ்கீமா, மோர்ஃபே என்று வேறு சொற்கள் இருந்தன. எய்டோஸ் என்ற சொல்லின் வேர் 'பார்த்தல்'. 'எனக்குத் தெரியும்' என்பதற்கு அவர்கள் சொன்ன ஓய்டா என்ற சொல்லும் அதே வேர்தான். அதன் பழைய பொருள் 'பார்த்திருக்கிறேன்'. சமஸ்கிருதத்தின் 'வித்' அந்த வேரின் உறவு. நாம் சொல்லும் 'வித்தை' அந்த வழியாகத்தான் தமிழுக்கு வந்தது. கைவித்தை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதற்குள் பார்வை இருப்பது இத்தனை நாள் தெரியவில்லை.

அச்சுக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். சாயங்காலம் சந்தைவெளியின் ஓரத்தில் ஒரு சிறு வீட்டின் அடித்தளத்தைப் பார்த்தோம். அங்கே செருப்பில் அடிக்கும் இரும்பு ஆணிகளும், எலும்பு வளையங்களும், 'சைமனுடையது' என்று எழுதிய ஒரு கோப்பையின் அடியும் கிடைத்தன. சாக்ரடீஸ் சைமன் என்ற செருப்புத் தொழிலாளியின் பட்டறையில் உட்கார்ந்து பேசுவார் என்று பழைய நூல் ஒன்று சொல்கிறது. வீட்டுக்கு மேற்கே மேட்டில் ஹெஃபைஸ்டோஸ் கோயில். அவர் கொல்லர்களின் கடவுள். கோயிலைச் சுற்றி வெண்கலப் பட்டறைகள் இருந்திருக்கின்றன. தத்துவம் உளிச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் பிறந்திருக்கிறது.

இரண்டாம் நாள்: அக்ரோபோலிஸ்

காலை எட்டு மணிக்கு வாசல் திறந்ததும் ஏறிவிட்டோம். உச்சியில் இருக்கும் பார்த்தெனான் கோயிலை முதலில் நேராகப் பார்க்காமல் அதன் மூலைக்குப் போய், கயிற்றுக்கு இப்பால் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கட்டின் விளிம்போடு பார்த்தேன். பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர்கள் பார்க்கிற பார்வைதான்.

நேராக இல்லை. நடுவில் மேலே எழும்பி, அந்தக் கோடியில் இறங்குகிறது. அகலப் பக்கத்தில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்தில் 11 சென்டிமீட்டர் என்பது நின்று பார்க்கிறவர் கண்ணில் தனியாகப் படாது. ஆனால் பிசகு என்று சொல்லவே முடியாது. நாலு பக்கமும் அதே ஒழுங்கில் எழும்புகிறது.

மகளும் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தூணைப் பாருங்கப்பா. அதுவும் நேரா நிக்கல, உள்பக்கமாச் சாஞ்சிருக்கு. நடுவுல லேசா உப்பலாவும் இருக்கும். மூலைத் தூண் மட்டும் மத்ததை விடக் கொஞ்சம் தடிமன்."

"ஏன் கண்ணு?"

"மூலைத் தூணுக்குப் பின்னாடி வானம்தானே இருக்கு? வெளிச்சம் அதை மெலிசாக் காட்டிடும். அதுக்காகத்தான்."

ரோமானியக் கட்டடக்காரர் விட்ரூவியஸ் எழுதியதும் இதே காரணம்தான். மேடையைச் சமமாகப் போட்டால் கண்ணுக்கு நடுவில் குழிந்ததுபோல் தெரியும், அதனால் நடுவை உயர்த்த வேண்டும் என்கிறார். மழைநீர் வடிவதற்கு என்றும் சிலர் சொல்கிறார்கள். தண்ணீர் வடிய சாய்வு போதும். தூணையும் மேலே உத்தரத்தையும் சேர்த்து வளைக்க வேண்டிய தேவை இல்லை. எனக்கு விட்ரூவியஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்கிறவர் சாதாரண ஸ்கேலை எடுக்கமாட்டார். அந்தச் சுருக்கத்தைக் கூட்டி, கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் இருக்கிறது. மண்ணிலிருந்து மரம் உடையாமல் வெளியே வர பக்கங்களுக்கு டேப்பர் கொடுப்போம். வரைபடத்தில் நேர்க்கோடாக இருப்பது எங்கள் மரத்தில் சாய்ந்திருக்கும். பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் முதலில் அதைத் தப்பு என்றுதான் நினைப்பார்கள். பொருள் சரியாக வர வேண்டுமென்றால் மாதிரி வேண்டுமென்றே கொஞ்சம் விலக வேண்டும்.

கி.மு. 447இல் இக்டினோஸும் காலிக்ராட்டிஸும் இந்தக் கோயிலைத் தொடங்கியபோது அவர்களிடமும் ஒரு கணக்கு இருந்தது. மேடையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் 4:9. தூணின் தடிமனுக்கும் தூண்களின் இடைவெளிக்கும் அதே 4:9. கல்லில் இறக்கும்போது அந்தக் கணக்கை அவர்கள் கண்ணுக்காகத் திருத்தினார்கள். நான் இரும்புக்காகச் செய்வதை அவர்கள் மனிதப் பார்வைக்காகச் செய்திருக்கிறார்கள். பார்க்கிறவனும் அந்தக் கட்டடத்தின் மூலப்பொருள்களில் ஒன்று. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. (பார்த்தெனான் சுமார் 1:1.618 என்ற தங்க விகிதத்தில் கட்டப்பட்டது என்று அடிக்கடி படிக்கிறோம். அளவுகள் அதற்கு ஒத்துவரவில்லை.)

இந்தத் திருத்தங்களால் கோயிலின் கற்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் மட்டுமே சரியாக உட்காரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தவர்கள் இதைக் கவனிக்காமல் கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். பழைய கட்டடக்காரர்கள் இரும்புப் பட்டைகளை ஈயத்தில் மூழ்கடித்துத்தான் கற்களை இணைத்தார்கள். புதுப்பித்தவர்கள் வெறும் இரும்பைப் போட்டார்கள். அது துருப்பிடித்து உப்பிப் பளிங்கைப் பிளந்துவிட்டது. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அதன் சொந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். 1975இல் அதற்கென்று ஒரு குழு அமைந்தது. வேலை இன்னும் நடக்கிறது.

இறங்கும்போது மணி பதினொன்று. வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானம் முழுக்க அறையில் தூங்கினோம்.

மூன்றாம் நாள்: குயவர் தெருவும் அகாடமியும்

கெராமைக்கோஸ் என்றால் குயவர் பகுதி. பழைய நகர மதில் அந்த வழியாகத்தான் போகிறது. மதிலுக்கு வெளியே கல்லறைகள். பானைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹைட்ரியா என்ற தண்ணீர்க் குடத்துக்கு மூன்று கைப்பிடி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, தூக்குவதற்கு. பின்னால் ஒன்று, சாய்த்து ஊற்றுவதற்கு. பெயரைச் சொன்னாலே கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இதை வடிவமைத்தவர் மனதில் கோடு இருந்ததா, தண்ணீர் தூக்கி வரும் பெண்ணின் கை இருந்ததா?

மதில் வாசலிலிருந்து வடமேற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பிளேட்டோவின் அகாடமி இருந்த இடம். இன்று அது ஒரு பூங்கா. மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரச் சுவர்கள். பெஞ்சுகளில் வயதானவர்கள், பந்து விளையாடும் பிள்ளைகள். டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை. கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ இங்கேதான் பாடம் நடத்தத் தொடங்கினார்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மகள் கொண்டுவந்திருந்த பக்கங்களை வாசித்தோம். பிளேட்டோ எழுதிய கிராட்டிலஸ் என்ற உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு தச்சரைப் பற்றிக் கேட்கிறார். தச்சர் தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா செய்துகொண்டிருக்கிறார். பாதியில் அது உடைந்துவிடுகிறது. புதிதாக ஒன்று செய்யும்போது அவர் எதைப் பார்த்துச் செய்வார்? உடைந்து கிடப்பதையா? அல்லது அதைச் செய்தபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதையா?

பத்து நிமிடம் நான் எதுவும் பேசவில்லை. எத்தனை பேட்டர்ன் என் கையில் உடைந்திருக்கிறது! ஒருநாளும் நான் உடைந்த துண்டைப் பார்த்து அடுத்ததைச் செய்ததில்லை. உடைந்ததில் உடைந்த இடம்தான் தெரியும். நான் பார்த்தது வேறு ஒன்று. அது மேஜை மேல் இல்லை. வரைபடத்தில்கூட முழுவதும் இல்லை. பிளேட்டோ அதைத்தான் எய்டோஸ் என்கிறார்.

உரையாடல் அங்கேயே நிற்கவில்லை. ஒரே கருவியை இரண்டு கொல்லர்கள் இரண்டு இரும்பில் செய்யலாம். எய்டோஸ் ஒன்றாக இருந்தால் இங்கே செய்தாலும் அந்நிய நாட்டில் செய்தாலும் கருவி சரிதான் என்கிறார் சாக்ரடீஸ். சரி, நாடா சரியாக வந்திருக்கிறது என்று யார் சொல்வது? செய்த தச்சர் அல்ல, அதை ஓட்டப்போகிற நெசவாளர். கப்பலின் சுக்கானுக்கு மாலுமி, யாழுக்கு வாசிப்பவர். இதைக் கேட்டு மகள் நோட்டில் அடிக்கோடு போட்டாள். அவர்கள் வகுப்பில் இன்று பெரிய பெரிய சொற்களில் சொல்லிக்கொடுப்பதை, 2400 வருடத்துக்கு முன் ஒருவர் தறியை வைத்துச் சொல்லி முடித்திருக்கிறார்.

பிளேட்டோ இன்னும் மேலே போகிறார். குடியரசு நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்கள் வருகின்றன. கடவுள் செய்தது ஒன்றே ஒன்று, அதுதான் கட்டிலின் எய்டோஸ். தச்சர் அதைப் பார்த்துச் செய்வது இரண்டாவது. ஓவியர் தச்சரின் கட்டிலைப் பார்த்து வரைவது மூன்றாவது. ஓவியர்களுக்கு இது கோபத்தைத் தரும். எனக்கோ, உலகத்தின் பெரிய மூளைகளில் ஒருவர் உண்மைக்கு அடுத்த படியில் தச்சரை உட்கார வைத்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த ஒரே கட்டில் எங்கோ தனியாக, மரமே இல்லாமல் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எந்த மரம் என்று தெரியாமல் என் மனதில் எந்தப் பேட்டர்னும் எழுந்ததில்லை.

கிளம்பும்போது மகள் ஒன்று சொன்னாள். கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா ஏதென்ஸை முற்றுகையிட்டபோது, மதிலை உடைக்கும் எந்திரங்கள் செய்ய மரம் போதாமல் இந்தத் தோப்பை வெட்டிவிட்டான். நாங்கள் உட்கார்ந்திருந்த மரம் ரொம்ப இளசு.

நான்காம் நாள்: அருங்காட்சியகமும் லைசியமும்

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தை ஒரு நாளில் பார்க்க முடியாது. நாங்கள் இரண்டு சிலைகளுக்காக மட்டும் போனோம்.

முதலாவது, ஆர்ட்டிமிசியன் முனைக்கு அருகே கடலிலிருந்து 1920களில் எடுத்த வெண்கலக் கடவுள். சுமார் கி.மு. 460. உயரம் 2.09 மீட்டர். இரண்டு கையையும் முழுக்க விரித்து, ஒரு குதிகாலைத் தூக்கி எறியத் தயாராக நிற்கிறார். கைக்கு முட்டு இல்லை, காலுக்குத் தாங்கு இல்லை. உள்ளே கூடாக வார்த்த வெண்கலத்தால் மட்டுமே இப்படி நிற்க முடியும்.

இரண்டாவது, தலையில் பட்டை கட்டும் இளைஞன். ஆர்கோஸ் ஊரின் பாலிக்ளைட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதை வெண்கலத்தில் செய்தார். அது போய்விட்டது. இங்கே இருப்பது டெலோஸ் தீவில் கிடைத்த, சுமார் கி.மு. 100இல் பளிங்கில் எடுத்த நகல். பாலிக்ளைட்டஸ் 'கேனன்' என்று ஒரு நூலே எழுதினார். விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், உள்ளங்கைக்கும் முன்கைக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தில்தான் அழகு இருக்கிறது என்பது அதன் சாரம். நூலும் தொலைந்துவிட்டது. மருத்துவர் கேலன் எழுதி வைத்ததால் இந்த அளவுக்குத் தெரிகிறது.

அந்த இளைஞனின் காலோரத்தில் ஒரு மரத்துண்டு கல்லில் செதுக்கியிருக்கிறது. அதன்மேல் துணி. பளிங்கு கனமானது, கணுக்காலில் முறிந்துவிடும். அதனால் நகல் எடுத்தவர் தாங்கு வைத்தார், அது கண்ணை உறுத்தாமல் இருக்க மரமாக்கினார். வெண்கலத்தில் பிறந்த எய்டோஸ் கல்லுக்குக் குடிபோனபோது கல் கேட்ட வாடகை அந்த மரம்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மாலையில் அரிஸ்டாட்டிலின் லைசியத்துக்குப் போனோம். நகரத்தின் நடுவில், ரிகிலிஸ் தெருவில் 1996இல் ஓர் அருங்காட்சியகம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட இடம். 2014இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தின் அடித்தளங்கள் தெரிகின்றன. சுற்றிலும் வாசனைச் செடிகள். கி.மு. 335இல் இங்கே பள்ளி தொடங்கிய அரிஸ்டாட்டில் இருபது வருடம் பிளேட்டோவிடம் படித்தவர். குருவிடம் அவர் மாறுபட்டது நேற்று நான் தடுக்கி நின்ற இடத்தில்தான்.

எய்டோஸ் பொருளை விட்டுத் தனியாக இருந்தால் அது எப்படி வேலை செய்யும் என்று கேட்கிறார். அவர் சொல்கிற உதாரணம் சப்பை மூக்கு. குழிவு என்பதைத் தனியாக நினைக்கலாம். சப்பை என்பதை மூக்கு இல்லாமல் நினைக்க முடியாது. உலகத்தில் இருப்பதெல்லாம் சப்பை மூக்கு மாதிரிதான், வடிவமும் பொருளும் சேர்ந்தே வரும். இன்னோர் இடத்தில், கம்பளியில் ரம்பம் செய்ய முடியாது என்கிறார். அறுக்கிற வேலை பல்லைக் கேட்கும், பல் இரும்பைக் கேட்கும்.

பொருளுக்கு அவர் வைத்த பெயர் ஹூலே. தத்துவப் புத்தகங்களில் அதைப் பருப்பொருள், மூலப்பொருள் என்று கனமாக எழுதுகிறார்கள். அவர் காலத்துத் தெருவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் விறகு, வேலைக்கு உதவும் மரம். அரிஸ்டாட்டில் பிரபஞ்சத்தையே விளக்கக் கையை நீட்டி எடுத்த சொல் ஒரு மரக்கடையில் கிடந்தது!

"அப்போ நீங்க பிளேட்டோ கட்சியா, அரிஸ்டாட்டில் கட்சியாப்பா?" என்றாள் மகள்.

"செய்யறதுக்கு முன்னாடி பிளேட்டோ. உளியை எடுத்த பிறகு அரிஸ்டாட்டில்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள்: கப்பல்

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்சோஸ் தீவுக்கு. வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று பலமாக இருந்ததால் புறப்பட நேரமாயிற்று. கடல் கருநீலம். வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள்: நக்சோஸ்

துறைமுகத்தை நெருங்கும்போதே ஒரு பெரிய கல்வாசல் தெரியும். சுமார் கி.மு. 530இல் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்பல்லோ கோயிலின் நிலை அது. சுவர் இல்லை, கூரை இல்லை, நிலை மட்டும் நிற்கிறது. இந்தத் தீவு பளிங்குத் தீவு. பளிங்கைத் தேய்க்கிற குருந்தக்கல்லும் இங்கேயே கிடைக்கிறது. பெரிய கல் சிலைகளை முதன்முதலில் செய்த கிரேக்கர்களில் இந்தத் தீவுக்காரர்களும் உண்டு.

வாடகைக் கார் எடுத்துக்கொண்டு முதலில் ஃபிளேரியோ. பழத் தோட்டத்துக்கு நடுவே ஒரு இளைஞன் சிலை மல்லாந்து கிடக்கிறது. கால் முறிந்திருக்கிறது. முறிந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிறகு மலைப்பாதையில் வளைந்து வளைந்து வடக்குக் கோடிக்கு, அப்பல்லோனாஸ் கிராமத்துக்கு. ஊருக்கு மேலே படிகள் ஏறினால் பழைய குவாரி. அங்கே ஏறக்குறைய 10.5 மீட்டர் நீளத்தில் ஒரு உருவம் பாறையோடு படுத்திருக்கிறது. எடை 80 டன் அளவு. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்காரர்கள் தொடங்கியது. தாடி தெரிவதால் மதுக் கடவுள் டயோனிசஸ் என்று நினைக்கிறார்கள். காவல் இல்லை, வேலி இல்லை. தொடலாம்.

கல்லுக்குள் ஹெர்மிஸ் கடவுளின் சிலை இருக்கிறது என்று சொல்வது எந்த அர்த்தத்தில் என்று அரிஸ்டாட்டில் ஒரு இடத்தில் கேட்கிறார். இருக்கக் கூடிய நிலையில் இருக்கிறது, இன்னும் ஆகவில்லை என்பது அவர் பதில். அதைப் படித்தபோது அது சாமர்த்தியமான பேச்சு என்று நினைத்தேன். இங்கே அது என் கைக்குக் கீழே இருந்தது. பாதங்கள் ஒரு கட்டையாக இருக்கின்றன. கைகள் முழங்கைக்குக் கீழே இன்னும் உருவாகவில்லை. முகம் இல்லை, முகத்துக்கான இடம் இருக்கிறது. உடம்பெல்லாம் கூர் உளியால் குத்திய பொள்ளல்கள். எங்கேயும் தாறுமாறாக ஒரு குத்துகூட இல்லை. குத்தியவர்கள் எல்லோரும் ஒரே உருவத்தைப் பார்த்துக்கொண்டு குத்தியிருக்கிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசித் தோலுக்கு வெளியே, பிறகு நுணுக்கமாகச் செதுக்குவதற்காக, கொஞ்சம் கல்லை விட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதற்கு அலவன்ஸ் என்று பெயர்.

மகள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"முடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்பா?"

பாதத்துப் பக்கம் போய் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடி, நடுக்கோட்டோடு தலைவரைக்கும் பார்த்தேன்.

"வரைஞ்சுக்கோ கண்ணு. தோள்ல ரெண்டு விரக்கடை எடுக்கணும். நெஞ்சுல அதைவிடக் கம்மி. தாடிக்குக் கீழ நல்லா உள்ள போகணும், அங்க நெழல் விழணும்."

அவள் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்காமல் அடுத்து முழங்காலைச் சொன்னேன்.